தபால் படகில் ஆள் ஏற்றுவதில்லை

ஜூன் 9

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. நானும் உன் வாயாடி மகளும் இங்கே கல்லுக்குண்டாக இருக்கிறோம். உன் வயிற்றுத் தையல் காய்ந்ததா, வலி குறைந்ததா, எல்லாம் விவரமாக எழுது.

இப்படியெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னவன். புயலுக்கு முன்னாலேயே இன்ஜினியரைக் கூப்பிட்டு, "சார், இந்த இறங்குதுறை அடுத்த காத்துக்குத் தாங்காது, கயிறு கட்டும்போதே தூண் முனகுது" என்றேன். அவர் சிரித்தார். இப்போது தூணும் இல்லை, துறையும் இல்லை, அவர் சிரிப்பும் இல்லை. பயணிக் கப்பல் வந்து அணைய இடமில்லாமல் உங்கள் கரையிலேயே கட்டிக் கிடக்கிறதாம். டெலிபோன் கோபுரம் பள்ளிக்கூடத்துக் கூரைமேல் குப்புறப் படுத்திருக்கிறது. தீவில் இருந்த படகெல்லாம் விறகாகிவிட்டது. இத்தனை வருஷமாக இந்தத் துறையை நிர்வாகம் பண்ணியவன் என்ற முறையில் எல்லாரும் என்னிடம்தான் துக்கம் விசாரிக்கிறார்கள். நிர்வாகம் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். கப்பல்காரன் கயிற்றை வீசுவான், நான் பிடித்துத் தூணில் கட்டுவேன். ஆனால் நான் கட்டாவிட்டால் கப்பல் நிற்குமா, நீயே சொல்.

பத்து நாள் ஆபரேஷனுக்கு என்று போனவள் அக்கரையில் மாட்டிக்கொண்டேனே என்று கலங்காதே. இந்தத் தீவுக்கு வர நாலு வழி இருக்கிறது, நாலும் எனக்கு அத்துப்படி. முதல் வழி, இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற தபால் படகு. சின்னப் படகு, மணலிலேயே ஏறி நிற்கும், துறை வேண்டாம். அந்தப் படகுக்காரனிடம், கயிறு கட்டுகிறவர் என் சித்தப்பா என்று ஒரு வார்த்தை சொல்லு. எனக்காக உயிரைக் கொடுப்பான்.

வாயாடி எழுதச் சொன்னது: "அம்மா, தாத்தா எனக்கு ஜடை போட்டார். கப்பல் கட்டுற முடிச்சு. அவிழ்க்க ரெண்டு ஆள் வேணும்."

உன் சித்தப்பா


ஜூன் 22

சித்தப்பாவுக்கு வணக்கம்.

தையல் காய்ந்துவிட்டது, குனிந்தால் மட்டும் இழுக்கிறது. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியில் கட்டிலைக் காலி பண்ணச் சொன்னார்கள். போக்கிடம் இல்லை என்றதும் துணி வெளுக்கும் இடத்தில் வேலை கொடுத்து, பின்கட்டு அறையில் நாலு பெண்களோடு படுக்க இடம் விட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து ஈரப் போர்வையை இஸ்திரி உருளைக்குள் விடுகிறேன். ஆவியில் முகம் வெந்துபோகிறது. அழுதாலும் யாருக்கும் தெரியாது, அது ஒரு வசதி.

தபால் படகுக்காரரிடம் போனேன். நீங்கள் சொன்னபடியே சொன்னேன். "யாரு, அந்தப் புளுகரா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார். "தங்கச்சி, தபால் படகுல உயிருள்ளது எதையும் ஏத்தக் கூடாது. ஒரு கோழியை ஏத்தினதுக்கே போன வருஷம் படகைப் பிடுங்கி வச்சுட்டாங்க. கடுதாசி குடு, நனையாம சேர்க்கிறேன்" என்றார். என் எழுத்து போகலாம், நான் போகக் கூடாது.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுதுங்கள். நான் கிளம்பிய அன்றைக்கு அவள் கத்திக் கூப்பாடு போட்டு ஊரையே கூட்டிவிட்டாள் இல்லையா. கப்பலில் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள், எனக்கு வெட்கமாகிவிட்டது. "நான் திரும்பி வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு சமர்த்தா இருக்கணும், ஒரு சத்தம் வரக் கூடாது" என்று விரலைக் காட்டி அதட்டிவிட்டுத்தான் ஏறினேன். கடைசியாக நான் அவளிடம் பேசியது அதுதான். அதற்கப்புறம் ரொம்ப அழுதாளா?

ஜடைச் சேதியை அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் சொல்வதை அடுத்த தடவை நிறைய எழுதுங்கள். தகப்பன் போன இடம் தெரியாத பிள்ளை. நானும் போய்விட்டேன் என்று நினைத்துவிடப் போகிறாள்.

உங்கள் மகள்


ஜூலை 3

அன்பு மகளுக்கு,

உடம்பை ஆவியில் வாட்டாதே, அடிக்கடி தண்ணீர் குடி. என் மூட்டுவலி போன இடம் தெரியவில்லை, நேற்று ஓடிப் பார்த்தேன், காற்றுதான் பின்தங்கியது.

அழுதாளா என்று கேட்டாய். அழவே இல்லை. நீ போனதிலிருந்து ஒரு சத்தம் இல்லை. இதைச் சத்தியம் பண்ணிச் சொல்கிறேன்.

அந்தப் படகுக்காரன் புளுகர் என்றானா? பொறாமை. விட்டுத் தள்ளு. இரண்டாவது வழி இருக்க அவன் தயவு எதற்கு? உங்கள் கரையில் தெற்குக் கோடி வரைக்கும் பஸ் போகும். அங்கேயிருந்து தீவு வரைக்கும் கடலுக்கடியில் ஒரு மணல்திட்டு. அமாவாசை வற்றத்துக்குக் கடல் பின்வாங்கினால் ராஜபாட்டை மாதிரி வெளியே தெரியும். என் இருபது வயதில் தையல் மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே, கணுக்கால் நனையாமல் நடந்து வந்தவன் நான். நீ வெறுங்கையோடு வரப்போகிறாய்.

வாயாடி சொன்னது: "அம்மா, தாத்தா சமைச்சதைப் பூனை மோந்து பார்த்துட்டு எங்களைப் பரிதாபமா பார்த்துச்சு. அப்புறம் பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு. நாங்கதான் சாப்பிட்டோம். நீ சமைச்சாலும் அது போகும், ஆனா மெதுவா போகும்."

உன் சித்தப்பா


ஜூலை 21

சித்தப்பாவுக்கு,

நீங்களும் அவளும் நலமா? நான் மறுபடியும் கட்டிலில் படுத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்லப் பக்கத்துக் கட்டிலில் இருக்கிற டீச்சரம்மா எழுதுகிறார்.

அமாவாசைக்கு முதல் பஸ்ஸிலேயே தெற்குக் கோடிக்குப் போனேன். நீங்கள் சொன்ன மாதிரியே மணல் தெரிந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். நம் கலங்கரை விளக்கு தெரிந்தது சித்தப்பா. பக்கத்துத் தகரக் கூரைகள் தெரிந்தன. இதில் ஏதோ ஒன்றின் கீழே அவள் இருக்கிறாள் என்று நினைத்ததும் ஓட ஆரம்பித்தேன். பாதி தூரத்தில் மணல் இல்லை. புயல் அங்கே வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. இடுப்பு, மார்பு, அப்புறம் கால் எட்டவில்லை. சிப்பி பொறுக்க வந்த இரண்டு பெண்கள் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். "சாகறதுக்கு வேற இடம் கிடைக்கலையா உனக்கு" என்று ஒருத்தி அடித்தேவிட்டாள். வீட்டுக்குப் போறேன் அக்கா என்றேன். அவளும் உட்கார்ந்து அழுதாள்.

தையல் ஓரமாகப் பிரிந்துவிட்டது. மறுபடி போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் நிஜமாகவே அதில் நடந்திருக்கிறீர்களா? கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அவளுக்கு இது தெரிய வேண்டாம். அவள் கையால் ஏதாவது கிறுக்கி அனுப்பச் சொல்லுங்கள். ஒரு கோடு போட்டாலும் போதும்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 14

அன்பு மகளுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கடலைக் குறை சொல்லலாம். கடல் சும்மாதான் இருந்தது. எனக்குத்தான் பேனா பிடிக்க வரவில்லை. தையலில் சீழ் வைக்காமல் பார்த்துக்கொள். அந்த இரண்டு சிப்பிக்காரிகளையும் என் குலசாமியாக நினைத்துக்கொள்கிறேன்.

தையல் மிஷின் இருந்தது உன் அப்பா தலையில். அண்ணன் முன்னால் நடக்க, நான் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வந்தேன். முழங்கால் வரைக்கும் நனைந்தது. பாட்டு மட்டும் நிஜம்.

மணல் இப்படி வெட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாது மகளே.

சரி, மூன்றாவது வழி. வாரம் ஒரு தரம் ஹெலிகாப்டர் வந்து மாவு மூட்டை இறக்குகிறது. பைலட் எனக்குப் பழக்கம். போன வாரம் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்களை மாதிரி ஆள் இருக்கிறதாலதான் இந்தத் தீவே மிதக்குது" என்றான். அவனுடைய ஆபீஸ் உங்கள் துறைமுகத்துக்குப் பின்னால்தான். போய்க் கேள். கேட்பது மட்டும் செய். வேறு எதிலும் இறங்காதே.

வாயாடி போட்ட படம் உள்ளே வைத்திருக்கிறேன்.

அவள் சொன்னது: "அம்மா, ஹெலிகாப்டர் வந்தா தாத்தாவோட தொப்பி பறந்து போகுது. தாத்தா துரத்துறார். அதைப் பார்க்கத்தான் ஊரே வருது, மாவு வாங்க இல்ல."

உன் சித்தப்பா


ஆகஸ்ட் 29

சித்தப்பாவுக்கு வணக்கம்.

உடம்பு தேறிவிட்டது. மறுபடி உருளைக்குப் போய்விட்டேன். உங்கள் மனசு உடைந்தது எழுத்திலேயே தெரிந்தது. அதை விடுங்கள். எனக்கு இருக்கிறது நீங்கள் ஒருவர்தான்.

ஹெலிகாப்டர் ஆபீசுக்கு மூன்று தரம் போனேன். தீவில் யாருக்காவது உயிர் போகிற நிலைமை என்றால் ஏற்றிக்கொண்டு வருவார்களாம். இங்கேயிருந்து அங்கே மூட்டைதான் போகும், ஆள் போகாது. "என் பிள்ளை அங்கே இருக்குது சார், ஆறு வயசு" என்றேன். "பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் பலித்துவிடுமோ என்று பயம். வெளியே மாவு மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு பதமாகத் தூக்கி வைக்கிறார்கள் தெரியுமா. மூட்டையாகப் பிறந்திருக்கலாம்.

இந்தக் கரையில் மீன்பிடிப் படகு வைத்திருக்கிற எல்லாரையும் கேட்டுவிட்டேன். ஆளை ஏற்றிப்போன படகு ஒன்று கவிழ்ந்ததிலிருந்து ஒருத்தரும் சம்மதிக்கவில்லை.

படம் என் தலைமாட்டில் இருக்கிறது. பாய்மரம், கொடி, நீங்கள் கட்டுகிற முடிச்சு, எல்லாம் அப்படியே. ஆனால் படகில் ஆளே இல்லையே, ஏன் என்று கேளுங்கள்.

அவள் பேச்சு இப்போதெல்லாம் அச்சு அசல் உங்களை மாதிரியே இருக்கிறது. என்னை மாதிரிப் பேசுவதை மறந்துவிட்டாளோ என்று இருக்கிறது.

உங்கள் மகள்


செப்டம்பர் 6

அன்பு மகளுக்கு,

நலம், உன் நலம் எழுது. மேகம் கறுத்துவிட்டது, படகுக்காரன் கரையில் நின்று கத்துகிறான், அதனால் நாலு வரி. ஆள் வரைந்தால் கை, கால், மூக்கு எல்லாம் சரியாக வரணுமாம், அப்புறம் போடுகிறாளாம். இப்போது தூங்குகிறாள். எழுப்பவில்லை.

சித்தப்பா


செப்டம்பர் 13

சித்தப்பா,

அவள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

படகு வருவது காலையில். காலையில் தூங்குகிற பிள்ளையா அவள்? விடிந்ததும் என் கண்ணை இமை பிரித்துப் பார்த்து, "அம்மா, உள்ளே முழிச்சிருக்கியா?" என்று கேட்கிறவள். காய்ச்சலா? அடிபட்டதா? அந்த ஆபீசர் கேட்டபோது நான் ஆமாம் என்று நினைத்தேன் சித்தப்பா, சொல்லவில்லை, நினைத்தேன். அது பலித்துவிட்டதா?

அவள் பேச்சு இல்லாத கடிதம் எனக்கு வெறும் காகிதம். உருளைக்குள் போர்வை போகும்போது கையும் கூடப் போகட்டும் என்று தோன்றுகிறது. அந்தக் காயத்தைக் காட்டியாவது என்னைத் தீவுக்கு அனுப்புவார்களா என்று யோசிக்கிறேன். அனுப்ப மாட்டார்கள், அது எதிர்த்திசை. புத்தி இப்படியெல்லாம் போகிறது.

லாரி டியூப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். காற்றடித்தால் ஒரு ஆளைத் தாங்குமாம். தெற்குக் கோடியில் அந்த வெட்டு மட்டும்தானே ஆழம், அதைத் தாண்டினால் மறுபடி மணல்தானே. அடுத்த அமாவாசைக்குள் அவள் சொன்ன வார்த்தை ஒன்று எனக்கு வர வேண்டும். வராவிட்டால் நான் இறங்கிவிடுவேன்.

அவள் உயிரோடு இருக்கிறாளா, அதை மட்டும் சொல்லுங்கள்.


செப்டம்பர் 18

மகளே,

இருக்கிறாள். உயிரோடு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், என் முதுகில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். உன் அப்பா மேல் ஆணை. டியூபைத் தொடாதே.

வாயாடி சொன்னது, ஒரு எழுத்து விடாமல்: "அம்மா, டியூப் வேண்டாம். காத்துப் போனா தாத்தா மாதிரி ஆயிடும், சத்தம் மட்டும்தான் வரும். நான் சாப்பிடுறேன். ரெண்டு பல்லு விழுந்திருச்சு. உனக்குக் காட்ட எடுத்து வச்சிருக்கேன். நீ மெதுவா வா, ஆனா முழுசா வா."

இப்போது நாலாவது வழியைக் கேள். இதை நான் கடைசிக்கு வைத்திருந்ததே இது பெரிய வழி என்பதால்தான். துறையைத் திரும்பக் கட்டக் கல் ஏற்றிய மிதவை ஒன்று வரப்போகிறது. அளவெடுக்க இன்ஜினியர் சின்னப் படகில் வந்தார், அதே சிரித்த இன்ஜினியர். என்னைப் பார்த்ததும், "ஐயா, அன்னைக்கு உங்க பேச்சைக் கேட்கலையே" என்று என் காலில் விழாத குறை. மிதவையில் வேலையாட்கள் மட்டும்தான் ஏறலாமாம். வேலையாட்களுக்குச் சமைக்க ஆள் வேண்டுமாம். என் மகள் ஆஸ்பத்திரியில் முந்நூறு பேருக்குச் சமைக்கிறாள், நோயாளிகள் குணமான பிறகும் வீட்டுக்குப் போக மாட்டேன் என்கிறார்கள் என்றேன். உடனே போய் அவரைப் பார். பூனை விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதே.

உன் சித்தப்பா


அக்டோபர் 4

சித்தப்பாவுக்கு வணக்கம்.

இங்கே நலம். அந்த வார்த்தையை எழுதி எத்தனை நாளாயிற்று.

இன்ஜினியரைப் பார்த்தேன். அவர் உங்கள் காலில் விழவில்லை. நீங்கள் இடுப்புத் தண்ணீரில் நின்று அவர் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சரி என்று சொன்னால்தான் விடுவேன் என்று நின்றீர்களாம். "விடுய்யா விடுய்யான்னா விடலை. அந்தக் கிழவர் கையில கயிறு போனா அவ்வளவுதான்" என்றார். மூட்டுவலியோடு எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று நான் கேட்கவில்லை.

சமைக்கத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். நானும் உங்கள் ரத்தம்தானே. வேலை கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை விடிந்ததும் மிதவை கிளம்புகிறது. அது கரை வரைக்கும் வராது, ஏணியும் கிடையாது. கல்லை இறக்குகிற வலையில் என்னை உட்கார வைத்துப் பாரந்தூக்கியால் மணலில் இறக்குவார்களாம். பயமில்லையா என்று கேட்டார்கள். சிரிப்புதான் வந்தது.

ஒரே ஒரு ஆசை சித்தப்பா. மிதவை நம் தீவைச் சுற்றித் திரும்பும்போது அவளைக் கரையில் நிறுத்துங்கள். அம்மா என்று அவள் பழைய மாதிரி ஊரைக் கூட்டிக் கத்தட்டும். நான் அதட்ட மாட்டேன். அவளைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் குரல் எனக்குக் கேட்க வேண்டும். எத்தனையோ நாளாக உங்கள் கையெழுத்தில் கேட்டதை ஒரு தடவை காதால் கேட்க வேண்டும்.

உங்கள் மகள்


அக்டோபர் 7

அன்பு மகளுக்கு,

நீ ஏறுவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும் என்று படகுக்காரனிடம் கெஞ்சிக் கொடுத்தனுப்புகிறேன். கெஞ்சினேன் என்றே எழுதுகிறேன், பார். உடம்பைப் பார்த்துக்கொள். வலையில் உட்காரும்போது முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொள், கையை வெளியே நீட்டாதே. வலை ஆடாமல் கீழேயிருந்து இழுத்துப் பிடிக்கிற வழிகாட்டுக் கயிற்றை நான்தான் பிடிப்பேன், இன்ஜினியரிடம் சொல்லிவிட்டேன். அது ஆடாது. அதை நம்பு.

கரையில் அவள் நிற்பாள். ஜடை நான் போட்டதுதான். ஆனால் அவள் கத்த மாட்டாள்.

நீ போன அன்றைக்கு மூடிய வாய், மகளே. நான் சத்தியம் பண்ணி எழுதினேனே, ஒரு சத்தம் இல்லை என்று, அது அப்படியே நிஜம். தொண்டையில் ஒன்றும் இல்லை, நர்ஸம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டார். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கூடவே நடக்கிறாள். நீ வருகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு சமர்த்தாக இருக்கச் சொன்னாய். இருக்கிறாள். முதலில் எனக்கும் புரியவில்லை. நீ அதை எழுதின பிறகுதான் புரிந்தது.

அம்மா உன்னைப் பேசச் சொல்லி எழுதியிருக்கிறாள் என்று உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தேன், நீ எழுதாததைத்தான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பவில்லை. ஊரில் யார் நம்புகிறார்கள், அவள் நம்ப? வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை என் பேச்சை யாராவது நம்ப வேண்டும் என்று இருந்தது.

பேசு என்று அவளுக்கு நீயே எழுது என்று உனக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பிள்ளை பேசவில்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்தால் நீ மணலில் ஓடினாய் பார், அதைவிட வேகமாகத் தண்ணீரில் ஓடுவாய்.

அதனால் வலையிலிருந்து இறங்கியதும் அவள் கூப்பிடுவாள் என்று காத்து நிற்காதே. நீ முதலில் போ. வந்துட்டேன், இனிமே பேசலாம் என்று உன் வாயால் சொல்லு. அவள் அதற்காகத்தான் காத்திருக்கிறாள்.

பூனை, தொப்பி, டியூப், முழுசா வா என்றது, எல்லாம் நான் கட்டியது. பல் விழுந்தது நிஜம், எடுத்து வைத்திருப்பதும் நிஜம், அதை அவள் சொல்லவில்லை. படகில் ஆள் ஏன் இல்லை என்று கேட்டதற்கு வந்த பதிலும் என்னுடையதுதான். அந்தப் படம் மட்டும் அவள் போட்டது.

உன் சித்தப்பா